டோபி யார்?

உலகத்தில் வேலைவெட்டி இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள 'டோபி' பாட்டின் அர்த்தம் என்ன என்று இணையத்தில் ஒரு தரம் தேடிப் பார்த்தால் போதும். டோபி என்றதும் சலவைக்காரர் ஞாபகம் வர வேண்டாம், இது ஆள் பெயர். அந்த ஆள் யார் என்பதில்தான் முப்பத்தேழு வருஷமாகச் சண்டை. 'டிரை ஜெட்டி' என்ற அடிலெய்டு ராக் குழுவின் பாட்டு அது, ஜெட்டி என்றால் எங்கள் பக்கம் படகுத்துறை. "அவள் இப்போது டோபியின் சொந்தம், என் கை விட்டதை அவன் பிடித்துக்கொள்வான்" என்று வின்ஸ் ஹார்டேக்கர் அடித்தொண்டையில் இழுக்கும்போது, கல்யாண விருந்துகளில் மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் பியர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு கூடவே கத்துவார்கள்.

டோபி, பாடகனின் காதலியைத் தட்டிக்கொண்டு போன நண்பன் என்பது ஒரு கட்சி. போதை மருந்துக்கு வைத்த செல்லப்பெயர் என்பது இன்னொரு கட்சி. கனடாவில் ஒரு பேராசிரியர் டோபி மரண தேவதையேதான் என்று நாற்பது பக்கம் எழுதினார். நடுநடுவே வரும் "நாலு ஒன்று ஏழு" என்பதை விவிலிய வசனம் என்றார்கள், ஹோட்டல் அறை எண் என்றார்கள், விடிகாலை நான்கு பதினேழு என்றார்கள். "உன் வீலை நான் திருப்பினேன், நீ சிரித்தாய்" என்ற வரிக்கு விதியின் சக்கரம் என்று பொருள் சொன்னவருக்கு ஆயிரக்கணக்கான பேர் கை தட்டியிருந்தார்கள். வின்ஸைக் கேட்டால், "உங்களுக்கு என்ன தோணுதோ அதான் அர்த்தம்" என்று நழுவிவிடுவான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

எங்கள் போர்ட் ட்ரூவின் ஊர்க்காரர்களுக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. அவர்களுடைய டோபி ஊருக்கு வெளியே, நைன் மைல் வளைவில், பார்லி வயல் ஓரமாக நிற்கிறான். எட்டடி உயரம், நீலச் சட்டை, சாந்தமான முகம், முன்னால் நீட்டிய இரண்டு கை. லயல் நான்கிவெல் அங்கே இருக்கும் மின்கம்பத்தில் அவனை வரைந்து முப்பது வருஷம் ஆகிறது. வெயிலில் நிறம் வெளுக்க வெளுக்க, வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறான்.

கம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்கள் தெற்கு ஆஸ்திரேலியாவில் நல்ல மரத்துக்குப் பஞ்சம், இருக்கிற மரத்தையும் கறையான் விட்டுவைக்காது. அதனால் நூறு வருஷத்துக்கு முன்பு ஸ்டோபி என்ற பொறியாளர் இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் கான்கிரீட்டைக் கொட்டி ஒரு மின்கம்பம் செய்தார். அது வளையாது, முறியாது. மோதினால் கார்தான் காகிதமாகக் கசங்கும். இன்றைக்கும் எங்களுக்கு 'ஸ்டோபி' என்றால் கம்பம்தான். மாநில எல்லையைத் தாண்டினால் அந்தச் சொல் ஒருவருக்கும் தெரியாது.

லயல் வரைந்து முடித்த அன்றைக்கே பப்பில் யாரோ "ஸ்டோபி மேல டோபி!" என்று சொல்லிவைக்க, ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பு அப்புறம் நிற்கவில்லை. சமையலறைத் துண்டில் அச்சடித்தார்கள், இறைச்சி பேஸ்ட்டி சுட்டு விற்கிற கடைக்குப் பெயர் வைத்தார்கள். முப்பது வருஷம் அந்த வேடிக்கையை மென்று துப்பிய ஊரில், அது வேடிக்கைதானா என்று ஒரு ஆத்மாவும் யோசிக்கவில்லை. கிளெனிஸும்தான்.

கிளெனிஸ் லயலின் தங்கை. இருவருக்கும் நடுவில் ரேலீன் என்று ஒருத்தி இருந்தாள். 1987 நவம்பரில், இருபத்தொரு வயதில், பப்பில் வேலை முடிந்து அண்ணனின் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு போனவள் நைன் மைல் வளைவில் அந்தக் கம்பத்தில் மோதினாள். விடிந்த பிறகு தானிய லாரிக்காரர் ஒருவர் பார்த்துச் சொன்னார். வண்டிக்குள் அவள் தனியாக இருந்தாள். வண்டியின் பிரேக் தேய்ந்திருந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். பிரேக்கை மாற்ற வேண்டும் என்பது லயலுக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான். அந்தச் சனிக்கிழமை அவளை அடக்கம் செய்தார்கள்.

அதோடு லயல் வண்டி ஓட்டுவதை விட்டான். இருபத்து நான்கு வயதில் விட்டவனுக்கு இப்போது அறுபத்திரண்டு. கடைக்குப் போனாலும் சைக்கிள், கடலுக்குப் போனாலும் சைக்கிள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் அவனைக் கொலைகாரன் என்று சொன்னதில்லை. அவனே தினமும் காலையில் எழுந்து சொல்லிக்கொண்டான்.

அடுத்த வருஷம் அந்தப் பாட்டு வந்தது. என் கை விட்டதை அவன் பிடித்துக்கொள்வான் என்ற வரியை லயல் முதல் தரம் ரேடியோவில் கேட்டபோது பட்டறையில் நின்றபடி அழுதான். அன்றிலிருந்து அவன் மனதில் டோபி என்று ஒருவன் உண்டு. அந்த இரவில், ஒருவரும் இல்லாத இடத்தில், ரேலீனுக்குத் துணையாக இருந்து கையைப் பிடித்துக்கொண்டவன். கிளெனிஸுக்கு அந்தப் பாட்டு ஆகாது. அண்ணன் வீட்டில் அது ஓடினால் தோட்டத்துக்குப் போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் வின்ஸ் ஹார்டேக்கர் போர்ட் ட்ரூவினுக்கு வருகிறான் என்று செய்தி வந்தது. சுற்று வட்டாரத்தில் எல்லா ஊரிலும் பாடியிருக்கிறான், இந்த ஊருக்கு மட்டும், பெயர் வருமுன் பப்பில் ஒரு இரவு பாடிவிட்டுப் போனதோடு சரி, முப்பத்தெட்டு வருஷமாகத் தலைவைத்துப் படுக்கவில்லை. மாவட்டத்துக்காரர்கள் நச்சரித்து நச்சரித்து வரவழைத்துவிட்டார்கள். சனிக்கிழமை மதியம் கால்பந்து மைதானத்தில் கச்சேரி, காலையில் டோபி கம்பத்தருகே புகைப்படம்.

ஊர் வானொலியை நடத்துகிற டெஸ் பாஸ்கோ திங்கட்கிழமை கிளெனிஸ் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கிளென், ஒரு உதவி. நெட்ல இருக்கற பாட்டு வரி ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. நீ தான் நாள் பூரா அடுத்தவன் முனகறதக் கேட்டு டைப் அடிக்கறவளாச்சே. ஒழுங்கா கேட்டு எழுதிக் குடேன்."

"அந்தப் பாட்டா? வேற ஆளப் பாரு."

"வேற யாரு இருக்கா? என் பொண்டாட்டிக்கு நான் பேசறதே காதுல விழாது."

"அது காது கோளாறு இல்ல டெஸ், புத்திசாலித்தனம்."

"சரி சரி. லயலுக்காகவாவது செய். அவன் வின்ஸோட நிக்கற அன்னிக்கு நம்ம கையில தப்பான வரி இருந்தா நல்லாவா இருக்கும்?"

லயல் பெயரைச் சொன்னதும் அவள் ஒத்துக்கொண்டாள். நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்குவது அவள் தொழில், இருபத்தாறு வருஷமாக. காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் ஒலி இரண்டு நொடி பின்னால் போகும். அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். காதில் விழுந்ததை அடி, மனசுக்குப் பட்டதை அடிக்காதே.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தாள். இருபது நிமிஷத்தில் முடிகிற வேலை. முதல் பத்தி முடிந்து, எல்லோரும் கத்துகிற அந்த வரிக்கு வந்தாள். "ஷீஸ் டோபீஸ் நவ்." அடித்தாள். விரல் நின்றது. மிதித்தாள். "ஷீஸ் டோபீஸ் நவ்." மறுபடி மிதித்தாள்.

'ஷீஸ்' முடிகிற இடத்தில் 'ஸ்' நீளமாக இருந்தது. ஒரு சொல் முடிகிற எழுத்திலேயே அடுத்த சொல் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும், ஆனால் நீளம் காட்டிக்கொடுத்துவிடும். தப்பாக எழுதினால் ஒருவன் சிறைக்குப் போவான் என்ற பயத்தில் பழகிய காது அவளுடையது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். கால்வாசியாகக் குறைத்தாள். இப்போது வின்ஸின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. அதில் இரண்டு 'ஸ்' இருந்தன. சந்தேகமே இல்லை. அவள் தொழில் சட்டப்படி காதில் விழுந்ததை அடித்தாள்.

அவள் இப்போது ஸ்டோபியின் சொந்தம்.

திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. ஸ்டோபி மேல டோபி. சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

இசைத்தட்டின் உறையை அச்சடித்தது சிட்னியில். சிட்னியில் கம்பங்கள் எல்லாம் மரம். அங்கே பாட்டைக் கேட்டு எழுதிய ஆளுக்கு ஸ்டோபி என்ற சொல்லே தெரிந்திருக்காது, டோபி என்று எழுதிவிட்டார். உறையில் இருந்ததை உலகம் நம்பியது. சொல் தெரிந்த எங்கள் ஊரோ, எழுத்தில் பார்த்த பிறகு காதை நம்பவில்லை. போதாக்குறைக்கு அதை வைத்து ஜோக் வேறு.

கிளெனிஸ் பாட்டை முதலிலிருந்து ஓட்டினாள். இந்த முறை ஒவ்வொரு வரியும் அவளைத் திரும்பிப் பார்த்தது. "உன் வீலை நான் திருப்பினேன், நீ சிரித்தாய்." எங்கள் பேச்சில் விதியின் சக்கரமும் வீல்தான், வண்டியின் ஸ்டியரிங்கும் வீல்தான். "கதவைத் திறந்தே விட்டேன், தங்கத்தின் மேல் நடந்தேன்." சொர்க்கத்தின் கதவு, தங்கத் தெரு என்று பாதிரிமார்கள்கூட எடுத்துக்காட்டிய வரி. நவம்பரில் பார்லி விளைந்து நிற்கும்போது வயல் என்ன நிறம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரேலீன் வண்டியில் இடது பக்கக் கதவு திறந்து கிடந்தது. மோதிய வேகத்தில் திறந்துகொண்டது என்று போலீஸ்காரர் அப்பாவிடம் சொன்னார்.

பிறகு தொடக்கத்துக்குப் போனாள். பாட்டு ஆரம்பிக்குமுன் டிரம் குச்சி தட்டுகிற சத்தம் வரும். டிக் டிக் டிக், ஒரு இடைவெளி. டிக் டிக் டிக், ஒரு இடைவெளி. கடிகாரம் என்பார்கள், இதயம் என்பார்கள். கிளெனிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பதினாறு வயதில் அண்ணனின் பிக்கப் வண்டியில், மீன் வாடைக்கு நடுவில், ரேலீன் மடிமேல் பாதி உட்கார்ந்தபடி அதைக் கேட்டிருக்கிறாள். அந்த வண்டியின் இண்டிகேட்டருக்கு ஒரு வியாதி உண்டு. மூன்று தரம் வேகமாக அடிக்கும், பிறகு விக்கிக்கொள்ளும். "பாரு, உன் வண்டிக்கு விக்கல்" என்று ரேலீன் லயலைச் சீண்டுவாள். விடிந்த பிறகு லாரிக்காரர் பார்த்தபோதும் அது அடித்துக்கொண்டே இருந்ததாம்.

அந்த வண்டிக்குள் உட்காராத ஒருவனுக்கு அந்தத் தாளம் தெரிந்திருக்க முடியாது.

மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். பாட்டு தானாக ஓடியது. "நாலு ஒன்று ஏழு," என்று வின்ஸ் பாடினான், ஒரு இடைவெளி விட்டு, "நாலு ஒன்று ஏழு." மூன்று எண், மூன்று அடி, ஒரு விக்கல். பட்டப்பகலில், தன் சொந்த வீட்டில், கிளெனிஸுக்கு எழுந்து போய் வாசற்கதவைத் தாழ்போட வேண்டும் என்று தோன்றியது. போட்டாள்.

மறுநாள் காலையில் நைன் மைல் வளைவுக்குப் போனாள். அறுவடை முடிந்து பார்லித் தாள் மட்டும் நின்றது, வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள் உதிர்ந்த தானியத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. சாலையைப் பார்த்து டோபி கை நீட்டிக்கொண்டிருந்தான். கம்பத்தின் பின்பக்கம், வயலைப் பார்த்த பக்கம், முட்புதர் மண்டிக் கிடந்தது. லயல் அந்தப் பக்கம் போனதே இல்லை. மோதிச் சுழன்று வண்டி நின்றது அங்கேதான், கண்ணாடித் தூள் இன்னும் மண்ணில் கிடக்கும். முன்பக்கம் மட்டும் அவனுடையது.

தோட்டக் கத்தரியால் முள்ளை வெட்டி வழி செய்துகொண்டு பின்னால் போனாள். இடுப்பு உயரத்தில் ஒரு சிறிய தகடு இருந்தது. மின்சாரக் கம்பெனி எல்லாக் கம்பத்துக்கும் அடிக்கிற எண். துருவையும் தூசியையும் துடைத்தாள்.

417.

வண்டியின் முன்விளக்கு உடைந்திருக்கும். இருட்டில் அந்த மஞ்சள் இண்டிகேட்டர் மட்டும் விட்டுவிட்டு எரிந்திருக்கும். எரியும்போதெல்லாம் இந்தத் தகடு தெரிந்திருக்கும். இங்கே ஒருவன் நின்றிருக்கிறான், அல்லது உட்கார்ந்திருக்கிறான், ஒரே தடவை பார்த்துவிட்டு ஓடவில்லை. பாட்டாகிற அளவுக்கு அது மனதில் பதிகிறவரை இருந்திருக்கிறான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவ்வளவு நேரம் இருந்தவன் ஆளைக் கூப்பிட ஏன் போகவில்லை? அவள் பின்னால் தாளில் ஏதோ சரசரத்தது. பல்லியாக இருக்கும். ஆனாலும் அவள் திரும்பிப் பார்க்காமல் காருக்கு நடந்தாள்.

நேராக லயல் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். பிரேக் காரணமே இல்லை, அந்த வின்ஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்திருக்கிறான், நீ சும்மா முப்பத்தெட்டு வருஷம் உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய் என்று சொல்லிவிட வேண்டும். லயல் கொல்லையில் உட்கார்ந்து நீல நண்டு பிடிக்கிற வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் புது பெயிண்ட் டப்பாக்கள்.

"வா கிளென். எந்த நீலம் நல்லா இருக்கு சொல்லு. இதுவா, இதுவா? ரேலீனோட பாவாடை எந்த நீலம்?"

"ரெண்டும் ஒண்ணா தான் தெரியுது. லயல், உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. வின்ஸ் வந்தா என்ன சொல்றதுன்னு கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்தேன். கெழட்டு முண்டம் மாதிரி உளறறேன்."

"அவன்கிட்ட என்ன சொல்லப் போற?"

லயல் ஊசியை வலையில் குத்தி வைத்தான். "நன்றி சொல்லணும். உனக்குத் தெரியாது. அவ போன அடுத்த வருஷம் ஒரு நாள் படகுத்துறை முனைக்குப் போனேன், சட்டைப் பை பூரா கல்லோட. அன்னிக்குக் காலையில தான் அந்தப் பாட்டு மொதல் தரம் கேட்டிருந்தேன். அவ தனியா இல்லன்னு தோணிச்சு பாரு, அதனால தான் திரும்பி வந்தேன். டோபி மட்டும் இல்லேன்னா நான் இல்ல கிளென்." பிறகு தலையை நிமிர்த்தினான். "நீ என்னவோ பேசணும்னியே?"

"ஒண்ணுமில்ல. அந்த வெளிர் நீலம் நல்லா இருக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். உண்மையைச் சொன்னால் அவன் பழியிலிருந்து தப்புவான், பிடித்து நிற்கிற கொம்பை இழப்பான். சொல்லாவிட்டால், தங்கையைச் சாக விட்டவன் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொல்வான். இரண்டில் எது பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை. டெஸ்ஸிடம் வரிகளைக் கொடுத்தபோது டோபி என்றே அடித்துக் கொடுத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் தெரிந்தே தப்பாக அடித்த ஒரே சொல் அது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நைன் மைல் வளைவில் நான்கு பேர்தான் இருந்தார்கள். கூட்டம் வேண்டாம் என்று வின்ஸ் சொல்லியிருந்தான். டெஸ் கேமராவும் கழுத்தில் ஒலிப்பதிவுக் கருவியுமாகத் திரிந்தான். லயல் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான், கையில் பிரஷ். டோபியின் சட்டை புது நீலத்தில் இன்னும் ஈரமாக இருந்தது.

வின்ஸ் காரிலிருந்து இறங்கி, சாலையின் அந்தப் பக்கமே நின்றான். மெலிந்த ஆள், கறுப்புத் தொப்பி. வெயில் கொளுத்தியும் கோட்டைக் கழற்றவில்லை.

"இப்படி வா வின்ஸ், டோபியைக் கட்டிப் பிடிச்சுக்கோ!" என்றான் டெஸ். "கடிக்க மாட்டான். பெயிண்ட் தான் ஒட்டும்."

"இங்கேருந்தே எடு," என்றான் வின்ஸ்.

லயல் சாலையைக் கடந்து போய்க் கையை நீட்டினான். கிளெனிஸ் காலடி எடுத்துவைத்தாள், பிறகு நின்றுவிட்டாள். "நான் லயல். இந்தக் கம்பத்துல மோதிச் செத்த ரேலீனோட அண்ணன். முப்பத்தேழு வருஷமா உனக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கு," என்றான் லயல். வின்ஸ் அந்தக் கையைப் பார்த்தான். பிடித்தான், உடனே விட்டான்.

"ஒரு கையெழுத்துப் போடு," என்று லயல் பிரஷ்ஷை நீட்டினான். "உன் டோபி தானே. எங்க வேணும்னாலும் போடு."

வின்ஸ் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தான். தூக்கத்தில் நடக்கிறவனைப்போல நடந்தான். வரைந்த முகத்தை அவன் பார்க்கவே இல்லை. நேராகக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, கிளெனிஸ் முள்ளை வெட்டி வைத்திருந்த வழியில், பின்பக்கம் போனான்.

"யோவ், அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல!" என்று டெஸ் கத்தினான்.

வின்ஸ் குனிந்து தகட்டின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். லயல் தயங்கினான். முப்பத்தெட்டு வருஷமாகப் போகாத பக்கம். பிறகு அவனும் போனான். கண்ணாடித் தூள் அவன் செருப்பின்கீழ் நொறுங்கிய சத்தம் கிளெனிஸுக்குக் கேட்டது. வின்ஸின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எண்ணை வாய்விட்டுப் படித்தான்.

"நாலு. ஒண்ணு. ஏழு."

லயல் தகட்டைப் பார்த்தான், கம்பத்தை உச்சிவரை பார்த்தான், வின்ஸைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. ஸ்டோபி, என்றது உதடு. கிளெனிஸுக்கு இனிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவன் வின்ஸின் குரல்வளையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்து ஓடினாள். லயல் அசையவே இல்லை. மிகவும் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பிரேக் பிடிச்சுதா?"

வின்ஸுக்கு முதலில் புரியவில்லை.

"அவ பிரேக்க மிதிச்சாளா? பிடிச்சுதா?"

"பிடிச்சுது," என்றான் வின்ஸ். அந்தப் பெரிய குரலில் காற்றுதான் வந்தது. "நல்லாப் பிடிச்சுது. எடமில்ல, அவ்வளவு தான். நான் தான் இழுத்தேன். அவ சிரிச்சிட்டிருந்தா, இன்னும் சிரிக்க வைக்கலாம்னு..." பிரஷ்ஷிலிருந்து நீலம் அவன் காலணிமேல் சொட்டியது. "கைய விடாதேன்னு சொன்னா. அவ பேச்சு நிக்கறவரைக்கும் பிடிச்சிட்டிருந்தேன். யாரையாவது கூப்பிடப் போயிருக்கலாம். அப்போ தான் ரெக்கார்டு கம்பெனி எங்களக் கூப்பிட்டிருந்தது. மாட்டிக்குவேன்னு பயம். அப்பறம் வயல் வழியா ஓடிட்டேன். யாராவது ஒருத்தனாவது கண்டுபிடிச்சுடுவான்னு தான் பாட்டுல எல்லாத்தையும் வெச்சேன். உறையில டோபின்னு வந்தப்போ, தப்பிச்சேன்னு அழுதேன்."

லயல் பிரஷ்ஷை அவன் கையிலிருந்து எடுத்தான், குழந்தை கையிலிருந்து கத்தியை எடுப்பதுபோல மெதுவாக. பிறகு முன்பக்கம் வந்து, தான் வரைந்த முகத்தின்முன் நின்றான். முகத்தை அழித்துவிடுவான், இனி இவனுக்கு ஒன்றுமே இல்லை என்று கிளெனிஸ் நினைத்தாள்.

லயல் கம்பத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான். ஈர நீலம் அவன் கையில் ஒட்டியது.

"நீ போயிட்ட," என்றான் வின்ஸைப் பார்க்காமல். "இவன் போகல. விடியறவரைக்கும் இவன் தான் அவளப் பிடிச்சிட்டிருந்தான். நான் வரைஞ்சது சரியா தான் இருக்கு."

வின்ஸ் சாலையோர மண்ணில் உட்கார்ந்துவிட்டான். டெஸ் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் கழுத்தில் தொங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, எல்லாம் பதிவாகியிருந்தது.

"அதக் குடு டெஸ்," என்றாள் கிளெனிஸ். "போலீசுக்கு நான் டைப் அடிச்சுக் குடுக்கறேன். ஒரு எழுத்து மாறாம."

அவள் கருவியை வாங்கிக்கொண்டு திரும்பியபோது லயல் அவள் காரின் அருகில் நின்றிருந்தான், வழக்கமாக அவன் ஏறுகிற இடது பக்கத்தில் இல்லை, வலது பக்கத்தில்.

"சாவியக் குடு," என்றான்.

அவள் கொடுத்தாள். இருக்கையைப் பின்னால் தள்ளவும், கண்ணாடியைத் திருப்பவும் அவனுக்கு நெடுநேரம் ஆனது. ஸ்டியரிங்கில் நீலக் கைரேகை விழுந்தது. வண்டி இரண்டு தரம் குலுங்கிப் பிறகு நகர்ந்தது. சைக்கிள் வேகத்தில்தான் ஓட்டினான், பின்னால் வந்த லாரி ஒன்று ஹார்ன் அடித்துத் தாண்டிப் போனது. ஊருக்குள் திரும்புகிற இடத்தில் இண்டிகேட்டரைப் போட்டான்.

டிக், டிக், டிக். அண்ணனும் தங்கையும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த விக்கலுக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. நாலாவது அடித்தது, ஐந்தாவது அடித்தது. திருப்பம் முடிந்த பிறகும் லயல் அதை நிறுத்தவில்லை, கிளெனிஸும் நிறுத்தச் சொல்லவில்லை.